மாறாத குலுக்கல்

தேவசகாயத்துக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்குக் கற்றுக்கொடுத்த உலகம்மைக்கு முப்பத்து நான்கு.

பாளையங்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. மொத்தம் ஏழு பேர். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பார்கள். எழுதியது சரியாக ஓடுகிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது உலகம்மையின் பொறுப்பு. தேவசகாயம் அதற்குமுன் இருபத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அது மூடிய பிறகு கணினி படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

முதல் வாரமே உலகம்மையை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். அலுவலகத்தில் சிரித்தார்கள். "கத்துத் தர்றவங்கள வேற எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டார். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. உலகம்மை அவரை அண்ணாச்சி என்றார்.

அவர் முதலில் கற்றுக்கொண்டது ஸ்னாப்ஷாட் சோதனை. ஒரு நிரல் சரியாக ஓடும்போது அது தருகிற விடையை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து வைக்க வேண்டும். பிறகு யார் எதை மாற்றினாலும், புதிய விடையைப் பழைய விடையோடு கணினியே ஒப்பிட்டுப் பார்க்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சிவப்பு. மாறாவிட்டால் பச்சை.

"இது எனக்குத் தெரிஞ்ச சோலிதான் டீச்சர். கையெழுத்துப் பிரதியப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அச்சுல வந்ததப் பாக்கணும். அம்புட்டுத்தானே?"

"கையெழுத்துப் பிரதியே தப்பா இருந்தா?"

"அது எழுதினவர் பாடு."



வேலையில் தேவசகாயம் கெட்டிக்காரர். ஒரு மாதத்தில் நாற்பது சோதனைகள் எழுதினார். மாத்திரைச் சீட்டில் ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தார். பச்சை வரிசையைப் பார்க்கும்போது அவருக்கு ஒரு நிம்மதி வரும். பிழையில்லாத பக்கத்தைப் பார்க்கும்போது வருகிற அதே நிம்மதி.

அப்போதுதான் குலுக்கல் நிரல் வந்தது.

அந்த ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்தார்கள். வாரத்துக்கு மூன்று முறை இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இயந்திரங்கள் போதவில்லை. எல்லோருக்கும் இரண்டு முறை கொடுத்தது போக, மூன்றாவது முறைக்கு ஒன்பது இடங்கள்தான் மிச்சம். கேட்பவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ரொம்ப மோசமாக இருப்பவர்களை டாக்டர் தனியாகப் பார்த்துக்கொள்வார். மற்றவர்களில் யாருக்குக் கொடுப்பது என்பதில் சிபாரிசும் சண்டையும் வந்தன. அதனால் திங்கட்கிழமைதோறும் கணினி குலுக்கிப்போட்டு ஒன்பது பேரைச் சொல்லட்டும் என்று டாக்டரே கேட்டு வாங்கிய நிரல் அது.

நிரல் சின்னதுதான். பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், முதலில் பதிந்தவரிலிருந்து வரிசையாக, ஏதோ ஓர் எண் விழும். மிகச் சிறிய எண் விழுந்த ஒன்பது பேருக்கு இடம்.

தேவசகாயம் ஒருமுறை ஓட்டி, விடையைச் சேமித்தார். மறுமுறை ஓட்டினார். சிவப்பு. வேறு ஒன்பது பேர். மறுபடி ஓட்டினார். சிவப்பு.

உலகம்மையிடம் போய் நின்றார்.

"டீச்சர், ஒவ்வொரு தடவையும் வேற பதில் வர்றதுதான் இதுல சரி. அப்ப சரியா இருக்குன்னு எதை வச்சுப் பாக்கறது?"

"ஒரு திங்கக்கிழமை அந்த ஆஸ்பத்திரியில போய் உட்காந்துட்டு வாங்க அண்ணாச்சி. வந்த பிறகு பேசுவோம்."

மறுநாள் உலகம்மை வேறொரு வேலையாக மதுரைக்குப் போனார். திரும்ப ஒரு வாரமாகும். நிரலை ஒப்படைக்க எட்டு நாள்தான் இருந்தது. தேவசகாயம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

நிரலை எழுதிய அருள்வேல் அவருடைய சிவப்பை எட்டிப் பார்த்தான்.

"விதை எண் ஒண்ணு குடுத்துருங்க அண்ணாச்சி. அடங்கிரும்."

"அது என்னது?"

"கம்ப்யூட்டர் போடுற குலுக்கல் நிஜக் குலுக்கல் இல்ல. ஏதோ ஒரு நம்பர்ல ஆரம்பிச்சுக் கணக்குப் போட்டுக்கிட்டே போகும். அந்த ஆரம்ப நம்பர்தான் விதை. அதை நாம சும்மா விட்டா ஒவ்வொரு தடவையும் வேற விதை எடுத்துக்கும், வேற ஆளு வரும். ஒரே விதையக் குடுத்தா ஒரே ஆளுங்கதான் வருவாங்க. டெஸ்ட்டுக்கு அது போதும்லா?"

தேவசகாயம் ஏழு என்று எழுதினார். ஏன் ஏழு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஓட்டினார். மறுபடி ஓட்டினார். அதே ஒன்பது பேர். பச்சை.

நிரல் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு சோதனைக்கென்று தனியாக ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பொதுக் கோப்பு வேறு. ஏழு என்ற அந்த எண்ணை அவர் பொதுக் கோப்பில் எழுதியிருந்தார்.

உலகம்மை திரும்பி வந்தபோது திரையில் அறுபத்து நான்கு பச்சைகள் இருந்தன.

"குலுக்கல் டெஸ்ட் எப்படி அண்ணாச்சி அடங்குச்சு?"

"விதை போட்டேன் டீச்சர்."

"சரி."

எந்தக் கோப்பில் என்று உலகம்மை கேட்கவில்லை. அன்று அவருக்கு வேறு மூன்று வேலைகள் இருந்தன. கையெழுத்துப் போட்டார். நிரல் ஆஸ்பத்திரிக்குப் போனது.

ஆறாவது வாரம் டயாலிசிஸ் டெக்னீஷியன் முப்பிடாதி போன் செய்தார். தேவசகாயம்தான் எடுத்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஆளுங்களுக்கே விழுதுன்னு இங்க பேசிக்கிடுதாங்க. எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. அந்தந்த வாரச் சீட்டை ஒட்டுவேன், பழசைக் கிழிச்சுருவேன். ஒருக்காப் பாருங்களேன்."

தேவசகாயம் சோதனையை ஓட்டினார். அறுபத்து நான்கும் பச்சை.

"எல்லாம் சரியா இருக்கு தம்பி. குலுக்கல்னா அப்படியும் விழும். கிடைக்காதவங்க நாலு பேசத்தான் செய்வாங்க."

எட்டாவது வாரம் சுவரில் ஒட்டிய பெயர்கள் மாறின. பேச்சு அடங்கியது.

பதினோராவது வாரம், வெள்ளிக்கிழமை காலையில், முப்பிடாதி மறுபடி போன் செய்தார். இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"பேச்சித்தாய்னு ஒரு பொண்ணு. முப்பத்தொரு வயசு. நேத்து இறந்துட்டுது. அது எழுதி வச்ச ஒரு நோட்டை வீட்டுக்காரர் கொண்டுவந்து குடுத்திருக்காரு. நீங்க யாராவது வந்து பாக்கணும்."

போனை வைத்துவிட்டு தேவசகாயம் முதலில் செய்தது சோதனையை ஓட்டியதுதான். பச்சை. அதை உலகம்மையிடம் காட்டினார்.

"பாருங்க டீச்சர். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

உலகம்மை திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார்.

"நோட்டைப் பாப்போம், வாங்க."

டயாலிசிஸ் பிரிவு தரைத்தளத்தில் ஒரு மூலையில் இருந்தது. வெளியே மூன்று பெஞ்சுகள். சுவரில் பட்டியல். பட்டியலில் வரிசை எண், பெயர். ஒன்பது பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். கால் வீங்கிய ஒரு பெரியவர் பட்டியலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்.

முப்பிடாதி நோட்டை எடுத்து வந்தார். நாற்பது பக்க நோட்டு. முதல் சில பக்கங்களில் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தேன் என்று தினமும் எழுதியிருந்தாள் பேச்சித்தாய். கடைசிப் பக்கத்தில் பதினொரு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒன்பது எண்கள். தேதிகள் எல்லாம் திங்கட்கிழமைகள்.

2, 5, 9, 14, 17, 22, 27, 31, 36.

அடுத்த வரியும் அதே. அதற்கடுத்த வரியும் அதே.

தேவசகாயம் பழக்கத்தில் விரலை வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டார். பதினொரு வரிகளிலும் ஓர் எண்கூட மாறவில்லை.

"எட்டாவது வாரம் பேர் மாறுச்சே?" என்றார்.

"அந்த வாரம் நாலாம் நம்பர்ல இருந்த பெரியவர் தவறிட்டாரு" என்றார் முப்பிடாதி. "அவருக்குக் கீழ உள்ளவங்க எல்லாரும் ஒரு நம்பர் மேல ஏறினாங்க. அதான் ஆளு மாறிட்டு. பேரு மாறினதும் நாங்க நம்பிட்டோம்."

"இந்தப் பொண்ணு எத்தனாவது நம்பர்?"

"இருபத்து நாலு. பெரியவர் போன பிறகு இருபத்து மூணு."

உலகம்மை பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து பெஞ்சில் வைத்தார். அதன் வழியே ஆஸ்பத்திரிக் கணினியில் இருந்த அமைப்புக் கோப்பைத் திறந்தார். விதை, ஏழு.



"முப்பத்தெட்டுல ஒன்பது" என்றார் உலகம்மை. "நேர்மையா குலுக்கியிருந்தா பதினோரு வாரத்துல அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மூணு தடவை விழுந்திருக்கும்."

"விழாமயும் போயிருக்கலாம்லா டீச்சர்?"

"போயிருக்கலாம். நூத்துல அஞ்சு பேருக்கு அப்படி ஆகும்."

"மூணாவது முறை கிடைச்சிருந்தா பொழச்சிருப்பாங்களா?"

"அது டாக்டராலயும் சொல்ல முடியாது."

"அப்ப ஒண்ணுமே உறுதியாச் சொல்ல முடியாதா?"

"ஒண்ணு சொல்லலாம். நம்ம குலுக்கல்ல அந்தப் பொண்ணோட சீட்டே இல்ல."

பேச்சித்தாயின் கணவர் சுடலைமுத்து அப்போது அங்கேதான் இருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். இறப்புச் சான்றிதழுக்கான தாள்களை வாங்க வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முப்பிடாதி கையைக் காட்டினார்.

தேவசகாயம் நின்ற இடத்திலேயே நின்றார். உலகம்மை அவரைப் போகச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கடைசியில் அவரே போனார். பக்கத்தில் உட்காராமல், முன்னால் நின்றுகொண்டு சொன்னார்.

"அந்தக் குலுக்கலைச் சோதிச்சது நான்தான். ஒரு நம்பரைத் தப்பான இடத்துல எழுதிட்டேன். அதனாலதான் மாறாமலே வந்திருக்கு. நடுவுல முப்பிடாதி தம்பி கேட்டப்பவும் சரியா இருக்குன்னு சொன்னது நான்தான்."

சுடலைமுத்து நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று தேவசகாயம் எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகவும் இருந்தார்.

"அவ கண்டுபிடிச்சிட்டா அண்ணாச்சி" என்றார் சுடலைமுத்து. "எட்டாவது வாரமே. ராத்திரி எங்கிட்டச் சொன்னா. இருபத்து ரெண்டுக்கு எப்பவும் விழுது. நான் இருபத்து மூணு. எனக்கு மேல உள்ளவங்கள்ல இன்னும் ஒருத்தர் போனா எனக்கு வரும்னா."

தேவசகாயம் திரும்பிச் சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார்.

"சொல்லிட்டு அழுதா. அந்த நினைப்பு வந்துட்டுதேன்னு அழுதா. அதுக்குப் பிறகு இங்க வந்தா யார் மூஞ்சியையும் பாக்கமாட்டா. மேல உள்ள இருபத்து ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் படுத்திருப்பாங்க. சாப்பிட்டியாம்மான்னு கேப்பாங்க. இவ போர்வைய இழுத்து மூடிக்கிடுவா."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொல்லுவோம்னேன். ஏற்கெனவே கேட்டாச்சு, சரியா இருக்குன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கன்னா."

முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டார்.

சுடலைமுத்து எழுந்து பட்டியலுக்கு முன்னால் போய் நின்றார். இருபத்து மூன்றாவது பெயரை இன்னும் யாரும் அடிக்கவில்லை.

"இப்ப இவ பேர எடுத்துட்டா கீழ உள்ளவங்க ஒரு நம்பர் ஏறுவாங்க. இல்லியா?"

"ஆமா."

"அதுல யாருக்கோ விழும்."

"இருபத்தெட்டுல இருக்கவங்க இருபத்தேழுக்கு வருவாங்க. விழும்" என்றார் தேவசகாயம். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று இருந்தது.

சுடலைமுத்து இருபத்தெட்டாவது பெயரை வாசித்தார். தலையாட்டினார். தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று பிற்பகல் உலகம்மை ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டால் போதும் என்று அருள்வேல் சொன்னான். உலகம்மை அதைப் போடவில்லை. எண்ணைத் தவறான கோப்பில் எழுதியவர் பெயர் தேவசகாயம், எந்தக் கோப்பு என்று கேட்காமல் கையெழுத்திட்டவர் பெயர் உலகம்மை என்று எழுதினார். தேவசகாயத்திடம் வாசிக்கக் கொடுத்தார். அவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கணினியிலிருந்து எடுத்து வந்த பதினொரு வாரப் பட்டியல்களையும் திறந்து, விதையை ஏழிலிருந்து எட்டாக மாற்றினார். ஓட்டினார்.

உலகம்மை வந்து பின்னால் நின்றார்.

"எட்டுனு எழுதியிருந்தா அந்தப் பொண்ணுக்கு வந்திருக்கும் டீச்சர்." திரையில் விரலை வைத்துக் காட்டினார். "ரெண்டு நம்பர்லயும் வந்திருக்கும். இருபத்து நாலுலயும் வருது, இருபத்து மூணுலயும் வருது. பதினோரு வாரமும். ஒரு நம்பர். ஏழுக்குப் பதிலா எட்டு."

உலகம்மை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எட்டுல யாருக்கு வரல அண்ணாச்சி?"

"ம்?"

"எட்டுல வராதவங்க பேரை வாசிங்க."

"எதுக்கு டீச்சர்?"

"வாசிங்க."

தேவசகாயம் வாசித்தார். முதல் வாரப் பட்டியலில் இருபத்தொன்பது பெயர்கள். பிழை திருத்தும் காலத்தில் வாசித்ததுபோல ஒரே சீராக ஆரம்பித்தார். ஏழெட்டுப் பெயர் தாண்டியதும் குரல் சீராக வரவில்லை. பன்னிரண்டாவது பெயர் அன்று காலையில் தரையில் உட்கார்ந்திருந்தவருடையது. அந்தப் பெயரைத் தேவசகாயம் முப்பிடாதியிடம் கேட்டு வைத்திருந்தார். அங்கே நிறுத்தினார்.

"மிச்சத்தையும்" என்றார் உலகம்மை.

வாசித்து முடித்தார்.

"ஒன்பது போட்டுப் பாக்கவா?" என்று உலகம்மை கேட்டார்.

தேவசகாயம் கணினியை அணைத்தார்.

"நான் இந்த வேலைக்கு ஆகமாட்டேன் டீச்சர். திங்கக்கிழமையிலேருந்து வரல."

"திங்கக்கிழமை இங்க வரவேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்க. நிரலை நிறுத்தியாச்சு. சரிபண்ணுற வரைக்கும் யாராவது கையால குலுக்கணும்."

"என்னையா?"

"வேற யாரு?"

திங்கட்கிழமை போனார். பெயர்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, ஒரேமாதிரி மடித்து, மூடியுள்ள எவர்சில்வர் தூக்குவாளிக்குள் போட்டார். எல்லோர் கண்முன்னாலும் குலுக்கினார். ஒன்பது எடுத்தார். ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்தார்.

ஒன்பதாவது பெயரை வாசித்ததும் அந்த அறையில் ஒரு சத்தம் எழுந்தது. யாரும் எதுவும் சொன்னதல்ல. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் மூச்சை விட்ட சத்தம். ஒரு பெண் மட்டும் அருகில் வந்து, வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என் பேரு உள்ள இருக்கா?"

தேவசகாயம் வாளியைக் கவிழ்த்து, மிச்சத் துண்டுகளைப் பிரித்துத் தேடி, அவள் பெயரை எடுத்துக் காட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இருந்தாச் சரி" என்று போனாள்.

அடுத்து இன்னொருவர் வந்தார். அதற்கடுத்து இன்னொருவர். அன்று எல்லோருடைய சீட்டையும் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் எழுந்தார். மதியம் ஆகியிருந்தது.

மூன்று திங்கட்கிழமைகள் அப்படிப் போயின. இரண்டாவது வாரம், முந்தின வாரம் விழுந்தவர்களில் நான்கு பேருக்கு மறுபடி விழுந்தது. அங்கிருந்தவர்கள் அவர் கையையே பார்த்தார்கள். அவரும் தன் கையைப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது வாரம், தரையில் உட்காருகிற அந்தப் பெரியவர் வரவில்லை. அவர் சீட்டை எழுதலாமா வேண்டாமா என்று தேவசகாயம் முப்பிடாதியிடம் கேட்டார். முப்பிடாதி வேண்டாம் என்றார்.

மற்ற நாட்களில் அலுவலகத்தில் உட்கார்ந்து சோதனையைப் புதிதாக எழுதினார். சேமித்து வைத்த விடை எதுவும் அதில் இல்லை. சோதனைக்கென்று வைத்த முப்பத்தெட்டுப் பெயர்களை ஆயிரம் தடவை குலுக்க வேண்டும். ஒவ்வொரு பெயரும் எத்தனை தடவை வந்தது என்று எண்ண வேண்டும். நேர்மையான குலுக்கலில் ஒருவர் பெயர் ஏறக்குறைய இருநூற்று முப்பத்தேழு தடவை வரும். நூற்று எண்பத்தைந்துக்குக் கீழே போனாலோ, இருநூற்றுத் தொண்ணூறுக்கு மேலே போனாலோ சிவப்பு. ஆஸ்பத்திரிக் கோப்பில் விதை என்று ஏதாவது எழுதியிருந்தால் சிவப்பு. இந்தத் திங்கட்கிழமை விழுந்த வரிசை எண்கள் போன திங்கட்கிழமை மாதிரியே இருந்தால் சிவப்பு.

உலகம்மை வரிக்கு வரி படித்தார். எந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏழு என்ற விதையை ஆஸ்பத்திரிக் கோப்பில் மறுபடி எழுதிப் பார்க்கச் சொன்னார். மூன்று சிவப்புகள் வந்தன. அதை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னார். பச்சை. அன்று மாலையே கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் வந்து இன்னொருமுறை படித்துவிட்டுப் போட்டார்.

நிரல் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனது. மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை காலையில், வழக்கமாக ஓட்டும் சோதனையில் சிவப்பு வந்தது.

தேவசகாயம் பதறிப்போய்ப் பார்த்தார். முப்பத்தெட்டில் ஒரு பெயர் நூற்று எண்பத்து மூன்று தடவைதான் வந்திருந்தது. எல்லைக்கு இரண்டு குறைவு. யாரும் நிரலைத் தொட்டிருக்கவில்லை. மறுபடி ஓட்டினார். பச்சை. இன்னும் பத்துமுறை ஓட்டினார். பத்தும் பச்சை.

உலகம்மையிடம் போனார்.

"இது சும்மா வந்த சிவப்புன்னு நினைக்கேன் டீச்சர். குலுக்கல்தானே. எப்பவாவது ஒருக்கா அதுவா எல்லைய மீறும்."

"மீறும். நானூறு தடவை ஓட்டினா ஒரு தடவை வரும்."

"எல்லைய இன்னும் கொஞ்சம் அகலமாக்கிரவா?"

"எவ்வளவு?"

"சும்மா சிவப்பு வராத அளவுக்கு."

"அவ்வளவு அகலத்துக்குள்ள எத்தனை பேரு அண்ணாச்சி நமக்குத் தெரியாம விடுபட்டுப் போவாங்க?"

தேவசகாயம் எல்லையை விட்டுவிட்டார். வேறு ஒன்று கேட்டார்.

"அப்ப, சும்மா வர்ற சிவப்பு எது, நிஜமான சிவப்பு எதுன்னு எப்படித் தெரியும்?"

"இங்க உட்காந்திருந்தா தெரியாது."

"ஒவ்வொரு சிவப்புக்கும் அங்க போய்ப் பாக்கணுமா?"

"ஆமா."

"போய் ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமில்லன்னு பாத்துட்டு வருவீங்க."

"எத்தனை நாளைக்கு டீச்சர்?"

உலகம்மை எழுதுவதை நிறுத்தினார்.

"மூணாவது முறை எத்தனை பேருக்கு வேணும் அண்ணாச்சி, இன்னைக்குத் தேதிக்கு?"

"நாப்பத்தொரு பேருக்கு."

"எத்தனை இடம் இருக்கு?"

"ஒன்பது."

"அந்த ரெண்டும் ஒண்ணாகுற வரைக்கும்."